மலேசியக் கொக்கோவுக்குப் பெயர் கிடைக்காமல் போனது ஏன்?

பாயான் லெப்பாஸ் வாசகி

அன்பர்களுக்கு வணக்கம். ஜார்ஜ்டவுனில் சுற்றுப்பயணிகளை நம்பிச் சாக்லேட் விற்கும் கடைகள் பெருகிவிட்டன. டுரியான், தேங்காய், தே தாரிக் என்று சுவை சேர்த்து, மலேசியத் தயாரிப்பு என்று பெரிய எழுத்தில் அச்சிட்டு விற்கிறார்கள். ஆனால் உறையைத் திருப்பிப் படித்தால், உள்ளே இருக்கும் கொக்கோ எந்த மண்ணில் விளைந்தது என்ற தகவல் பெரும்பாலும் இருப்பதில்லை. 1980-களில் கீழ்ப்பேராக்கிலும் சிலாங்கூர்க் கரையோரத்திலும் தென்னைக்கு அடியில் கொக்கோ செழித்திருந்ததைப் பார்த்தவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். எக்குவடோர், மடகாஸ்கர் என்று விளைந்த நாட்டின் பெயரைச் சொல்லியே விலை வைக்கும் இந்தக் காலத்தில், நம் நாட்டுக் கொக்கோவுக்கு அப்படி ஒரு பெயர் ஏன் அமையவில்லை? மரங்கள் போனதற்கு, அவற்றின் இடத்தில் நட்ட செம்பனை என்னும் எண்ணெய்ப்பனை மட்டும்தான் காரணமா, அல்லது நம் கொட்டையின் சுவையிலேயே ஏதேனும் குறை இருந்ததா? நேரில் அறிந்தவர்கள் சற்று விரிவாக எழுதினால் நன்றாயிருக்கும்.

ஊத்தான் மெலிந்தாங் மைந்தன்

வணக்கம் அம்மா. நான் இப்போது செந்தூலில் இருக்கிறேன். வளர்ந்தது கீழ்ப்பேராக்கில், தென்னையும் கொக்கோவும் சேர்ந்திருந்த ஒரு தோட்டத்தில். பொதுவாக எழுதப்படுவதில் விடுபடும் ஒன்றிரண்டு செய்திகளைச் சொல்கிறேன்.

கொக்கோ நிழல் விரும்பும் மரம். ஓங்கி வளர்ந்த தென்னைகளுக்கு இடையில் வெயில் சல்லடையாக இறங்கும் இடம் அதற்கு மிகவும் ஏற்றது. அதனால்தான் தேங்காய் விலை சரிந்த காலத்தில் அதை ஊடுபயிராக வைத்தார்கள். பூ கிளை நுனியில் வராமல், அடிமரத்திலும் தடித்த கிளைகளிலும் நேரடியாகப் பூக்கும். மகரந்தத்தைக் கொண்டு சேர்ப்பவை கண்ணுக்கு அரிதாகவே படும் சிறு கொசு போன்ற பூச்சிகள். அவை ஈரச் சருகில்தான் பெருகும் என்பதால், தரையைப் பளிச்சென்று கூட்டி வைக்கும் தோட்டத்தில் காய்ப்பு குறையும். காயை முறுக்கிப் பறிக்கக் கூடாது. பறித்தால் பூ வரும் கணு பிய்ந்துவிடும், அந்த இடத்தில் மறுபடி பூக்காது. ஆகவே ஒவ்வொரு காயையும் கத்தியால் அறுத்து எடுக்க வேண்டும்; எல்லாம் ஒரே நேரத்தில் பழுக்காததால் இரண்டு வாரத்திற்கு ஒரு முறையாவது அதே மரத்துக்குத் திரும்ப வர வேண்டும்.

காயைக் குவித்து உடைத்து, வெள்ளைச் சதையோடு கொட்டையை வழித்தெடுக்கும் வேலையை எங்கள் தோட்டத்தில் பெரும்பாலும் பெண்களே செய்தார்கள். ஒரு காயில் முப்பது, நாற்பது கொட்டை இருக்கும். ஈரக் கொட்டையின் எடைக்குத்தான் கூலி. காய்துளைப்பான் வந்த பிறகு அந்தக் கணக்கு முற்றிலும் கெட்டது. அது ஒரு சிறு அந்துப்பூச்சியின் புழு; காயின் தோலைத் துளைத்து உள்ளே போய்ச் சதையைத் தின்னும். வெளியே பார்த்தால் காய் நன்றாகவே இருக்கும், உடைத்தால் கொட்டைகள் ஒன்றோடொன்று இறுகி ஒரே கட்டியாக வரும். ஒரு கூடைக் காயை உடைத்தும் எடை ஏறாது. எடை ஏறாவிட்டால் கூலியும் ஏறாது. அந்த இழப்பை நிர்வாகம் தன் கணக்கில் எழுதிக்கொள்ளவில்லை என்பதை மட்டும் சொல்லிவிட்டு மேலே போகிறேன்.

இந்தப் பூச்சி சபாவின் தாவாவ் பகுதியில் 1980-இல் கண்டறியப்பட்டு, அந்தப் பத்தாண்டின் பிற்பாதியில் தீபகற்பத்துக்கும் வந்தது. அதே காலத்தில் உலகச் சந்தையில் கொக்கோ விலையும் சரிந்தது. செம்பனைக் குலைக்கு இவ்வளவு கைவேலை தேவையில்லை. முதலாளி எதைத் தேர்ந்தெடுப்பார் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஜெலுத்தோங் ஆசிரியர்

எண்களைச் சேர்த்துப் பார்த்தால் வீழ்ச்சியின் வேகம் புரியும். மலாக்காவில் கொக்கோ மரம் இருந்ததாக 1778-ஆம் ஆண்டிலேயே குறிப்பு உண்டு. வணிகப் பயிராக அது வேரூன்றியது 1950-களில் திரங்கானுவின் ஜெராங்காவிலும் பின்னர் சபாவிலும் நடந்த முயற்சிகளால். 1989-இல் பரப்பளவு நான்கு லட்சம் ஹெக்டேரைத் தாண்டியிருந்தது, 1990-இல் விளைச்சல் ஏறத்தாழ 2,47,000 டன். மலேசியக் கொக்கோ வாரியமும் 1989-இல்தான் தொடங்கப்பட்டது. பயிர் உச்சியில் நின்றபோது பிறந்த வாரியம், அதன் இறக்கத்தைப் பார்த்தபடியே வளர்ந்தது. இன்று ஆண்டு விளைச்சல் ஆயிரம் டன்னைக்கூடத் தொடுவதில்லை.

கிள்ளான் ஆலைக்காரர்

ஆசிரியர் ஐயா சொன்ன எண்களோடு இன்னொன்றையும் வைத்துப் பார்க்க வேண்டும். விளைச்சல் ஆயிரம் டன்னுக்குக் கீழே போன இதே நாட்டில் ஆண்டுதோறும் மூன்று லட்சம் டன்னுக்கு மேல் கொக்கோ அரைக்கப்படுகிறது. ஆப்பிரிக்காவிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் எக்குவடோரிலிருந்தும் மூட்டைகளாகவும் கொள்கலன்களாகவும் வந்து இறங்கும் கொட்டையை வறுத்து, அரைத்து, கொழுப்பும் தூளுமாகப் பிரித்து ஏற்றுமதி செய்கிறோம். கிள்ளான் துறைமுகத்திலும் பாசிர் கூடாங்கிலும் இத்தொழில் பெரிய அளவில் நடக்கிறது. இத்தகைய ஓர் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்பதால், வாசகி கேட்ட சுவைக் கேள்விக்கு நான் பதில் சொல்வது பொருத்தமாக இருக்கும்.

ஆம், குறை இருந்தது. அது மரத்தின் குறையன்று, பெட்டியின் குறை. பச்சைக் கொக்கோக் கொட்டையில் சாக்லேட்டின் மணமே கிடையாது. கடித்தால் கசப்பும் துவர்ப்பும்தான் இருக்கும். சதையோடு சேர்த்துக் குவித்து வைக்கும்போது முதலில் ஈஸ்ட் என்னும் நொதியங்கள் சர்க்கரையைத் தின்று ஆல்கஹால் ஆக்குகின்றன, பின்னர் லாக்டிக் அமில நுண்ணுயிர்களும் அசெட்டிக் அமில நுண்ணுயிர்களும் பெருகுகின்றன. குவியலின் வெப்பம் 45 முதல் 50 டிகிரி வரை ஏறும். அந்தச் சூட்டிலும் அமிலத்திலும் கொட்டைக்குள் இருக்கும் முளை செத்துப்போய், செல்சுவர்கள் உடைந்து, புரதமும் சர்க்கரையும் சிறு கூறுகளாகச் சிதைகின்றன. வறுக்கும்போது சாக்லேட் மணத்தைத் தருபவை இந்தக் கூறுகள்தாம். ஐந்தாறு நாள் நடக்கும் இந்தப் புளிப்பேற்றல் சரியாக அமையாவிட்டால், சுவிட்சர்லாந்தின் எந்த இயந்திரமும் அதை மீட்டுத் தராது.

கானாவில் சிறு விவசாயிகள் வாழையிலையில் பொதிந்து சிறு குவியலாக வைப்பார்கள், பிறகு பாயில் பரப்பி ஒரு வாரம் வெயிலில் மெதுவாக உலர்த்துவார்கள். நம் தோட்டங்கள் அப்படிச் செய்ய இயலவில்லை. விளைச்சல் மிகுதி, மழையும் மிகுதி. ஆகவே ஆழமான பெரிய மரப்பெட்டிகளில் டன் கணக்கில் போட்டு, நாள்தோறும் கிளறி, பிறகு சூடான காற்றடிக்கும் இயந்திரத்தில் விரைவாக உலர்த்தினார்கள். கிளறக் கிளறக் காற்று உள்ளே போய் அசெட்டிக் அமிலம் கூடியது. மெதுவாக உலர்ந்தால் அந்த அமிலம் ஆவியாக வெளியேற நேரம் கிடைக்கும். இங்கே மேல்தோல் முதலில் காய்ந்து, அமிலம் உள்ளேயே தங்கிவிட்டது. புளிப்பை அளக்கும் பி.எச். எண் குறையக் குறையப் புளிப்பு கூடுதல் என்று பொருள். கானாக் கொட்டையின் பி.எச். அளவு 5.5-ஐ ஒட்டி இருக்கும். நம்முடையது 5-க்கும் கீழே இறங்குவது வழக்கமாக இருந்தது. இந்தப் புளிப்புக்காகவே உலகச் சந்தையில் மலேசியக் கொட்டைக்கு விலையைக் குறைத்துத்தான் கேட்டார்கள். பிற நாட்டுக் கொட்டையோடு கலப்பதற்கு வாங்கினார்களே தவிர, தனித்துப் பெயர் சொல்லி விற்க எவரும் வாங்கவில்லை.

அதே சமயம், மலேசியக் கொக்கோவின் கொழுப்புக்கு நல்ல மதிப்பு இருந்தது என்பதையும் மறைக்கக் கூடாது. காய் எந்த வெப்பத்தில் முற்றுகிறதோ அதற்கேற்பக் கொழுப்பின் கடினம் அமைகிறது. பிரேசில் கொழுப்பு மென்மையானது, மேற்கு ஆப்பிரிக்கக் கொழுப்பு நடுத்தரமானது, நம்முடையது மூன்றிலும் கெட்டியானது. வெப்ப நாட்டில் விற்கும் சாக்லேட்டுக்கு அது ஒரு வரம். கொழுப்பைப் பிழிந்தெடுப்பவருக்கு நம் கொட்டை பிடித்திருந்தது, சுவை தேடுபவருக்குப் பிடிக்கவில்லை.

ஜெலுத்தோங் ஆசிரியர்

கொழுப்பைப் பிழிவது பற்றிய குறிப்பைப் படித்ததும் வரலாற்றில் ஓர் இணைப்பைச் சொல்லத் தோன்றுகிறது. எக்குவடோரின் மேல் அமேசான் பகுதியில் ஐயாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே மக்கள் கொக்கோவைப் பயன்படுத்தியதற்குப் பானைகளில் எச்சம் கிடைத்திருக்கிறது. மாயர்கள் பருகினார்கள், அஸ்டெக் மக்கள் பருகினார்கள், கொட்டையை நாணயமாகவும் கொடுத்து வாங்கினார்கள். பதினாறாம் நூற்றாண்டில் ஸ்பானியர் வழியாக ஐரோப்பாவுக்குப் போன பிறகும் மூன்று நூற்றாண்டுக்கு அது பானமாகவே இருந்தது. கடித்துத் தின்னும் சாக்லேட்டுக்கு வயது இருநூறு ஆண்டுகூட இல்லை.

அந்த மாற்றத்தைச் சாத்தியமாக்கியது 1828-இல் நெதர்லாந்தில் வான் ஹௌட்டன் காப்புரிமை பெற்ற பிழியும் இயந்திரம். கொட்டையில் பாதிக்கு மேல் கொழுப்பு. அதைப் பிழிந்து எடுத்தால் எளிதில் கரையும் தூள் கிடைத்தது. அவருடைய நோக்கம் நல்ல பானத்தூள் மட்டுமே. பிழிந்தெடுத்த கொழுப்பை அரைத்த கொக்கோவோடும் சர்க்கரையோடும் கூடுதலாகச் சேர்த்தால் அச்சில் ஊற்றிக் கட்டியாக்கலாம் என்று செய்து காட்டியது பிரிஸ்டல் நகரின் ஃப்ரை நிறுவனம், 1847-இல். 1875-இல் சுவிட்சர்லாந்தின் வெவே நகரில் டானியேல் பீட்டர் பாலைச் சேர்த்தார். 1879-இல் பெர்ன் நகரில் ரோடால்ஃப் லின்ட், சாக்லேட்டை நெடுநேரம் கடைந்துகொண்டே இருக்கும் முறையைக் கண்டுபிடித்தார். இன்றைக்குக் கிள்ளானில் நடப்பது வான் ஹௌட்டன் தொடங்கிய அதே வேலைதான், அளவு மட்டும் பல்லாயிரம் மடங்கு. பெயரை ஈட்டித் தந்தவை பிந்திய மூன்று வேலைகள். நாம் முதல் வேலையோடு நின்றுவிட்டோம் என்பது என் கருத்து.

செபராங் ஜெயா

மைலோ குடித்து வளர்ந்த நாட்டில் இவ்வளவு ஆராய்ச்சியா என்று சிரிப்பு வருகிறது. நமக்குக் கொக்கோ என்றால் உணவகத்தில் பச்சை டின்னைக் காட்டிக் கேட்பதுதானே.

பிரிக்பீல்ட்ஸ் இனிப்புக்காரி

செபராங் ஜெயா அன்பருக்கு: மைலோவில் மால்ட்டும் பாலும் சர்க்கரையும் முன்னே நிற்கின்றன, கொக்கோ பின்னே நிற்கிறது, அதை இந்த விவாதத்தில் கலக்காமல் விட்டுவிடலாம்.

நான் தீபாவளிக்கும் திருமணங்களுக்கும் வீட்டிலிருந்தே சாக்லேட் செய்து கொடுப்பவள். வாசகி அவர்கள் உறையைத் திருப்பிப் படிக்கிறார் என்பதால், அதில் இன்னொரு வரியையும் கவனிக்கச் சொல்கிறேன். மலாய்மொழிப் பட்டியலில் 'மென்தேகா கோகோ' என்று இருக்கிறதா, 'லெமாக் சாயூரான்' என்று இருக்கிறதா என்று பாருங்கள். முதலாவது கொக்கோவின் சொந்தக் கொழுப்பு. இரண்டாவது பெரும்பாலும் செம்பனையிலிருந்தோ செம்பனைக் கொட்டையிலிருந்தோ எடுத்த தாவரக் கொழுப்பு. தோட்டத்தில் கொக்கோவின் இடத்தைப் பிடித்த அதே மரம், சாக்லேட்டுக்குள்ளும் வந்து உட்கார்ந்துவிட்டது.

இதில் இரண்டு வகை உண்டு, இரண்டையும் ஒன்றாகத் திட்டுவது நியாயமில்லை. செம்பனை எண்ணெயின் நடுப்பகுதிக் கொழுப்பு, போர்னியோவின் எங்காபாங் கொட்டைக் கொழுப்பு போன்றவை கொக்கோக் கொழுப்போடு இணங்கி உறைபவை. ஐரோப்பிய ஒன்றியம்கூட இவற்றையும் சேர்த்து ஆறு வகைத் தாவரக் கொழுப்புகளை 5 விழுக்காடு வரை அனுமதிக்கிறது. செம்பனைக் கொட்டைக் கொழுப்பு அப்படியில்லை. அது கொக்கோக் கொழுப்போடு சேர்ந்தால் இரண்டுமே இளகிப்போகும். ஆகவே அதைப் பயன்படுத்துபவர்கள் கொழுப்பு நீக்கிய கொக்கோத் தூளை மட்டுமே சேர்க்கிறார்கள். கேக்கின் மேல் பூசவும், வெயிலில் வைத்து விற்கவும் வசதியானது. வாயில் மெழுகுபோல் ஒட்டிக்கொண்டு நிற்பதும் அதுதான்.

ஏன் இதை நாடுகிறார்கள் என்பதற்கும் காரணம் இருக்கிறது. கொக்கோக் கொழுப்பு ஆறு விதமான படிகங்களாக உறையக் கூடியது. அவற்றில் ஐந்தாவது வடிவம் மட்டுமே பளபளப்பும், உடைக்கும்போது 'டக்' என்ற ஓசையும் தரும். அது உருகும் வெப்பம் ஏறத்தாழ 34 டிகிரி. கோலாலம்பூரில் பிற்பகல் வெப்பம் அதை எட்டிப் பார்க்கும். கறுப்புச் சாக்லேட்டை 45 டிகிரிக்கு மேல் உருக்கி, 27 அல்லது 28-க்கு இறக்கி, மீண்டும் 31, 32-க்கு ஏற்றித்தான் அச்சில் ஊற்ற வேண்டும். என் சமையலறை வெப்பமே 31 ஆக இருக்கும்போது 27-க்கு எப்படி இறக்குவது? குளிர்சாதன அறை இல்லாமல் இந்த ஊரில் இத்தொழிலைச் செய்ய முடியாது. மின்கட்டணத்தைப் பார்த்துப் பலர் தாவரக் கொழுப்புக்கு மாறியதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உறையில் மறைக்காமல் எழுதினால் போதும்.

பாயான் லெப்பாஸ் வாசகி

மிக்க நன்றி. அப்படியானால் வீட்டில் எப்படி வைப்பது? குளிர்ப்பெட்டியில் வைத்தால் மேலே வெண்மையாகப் படர்ந்துவிடுகிறது.

பிரிக்பீல்ட்ஸ் இனிப்புக்காரி

அது இரண்டு விதம் அம்மா. உருகி, சரியான படிகமாக உறையாமல் போனால் கொழுப்பு மேலே வந்து சாம்பல் பூத்ததுபோல் தெரியும். விரலால் தேய்த்தால் வழவழப்பாக இருக்கும். குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்ததும் பிரித்தால் காற்றின் ஈரம் அதன்மேல் படிந்து, சர்க்கரையைக் கரைத்து, பிறகு காய்ந்து சொரசொரப்பாகும். இரண்டும் உடலுக்குத் தீங்கில்லை. காற்றுப் புகாத டப்பாவில் வைத்து, வெளியே எடுத்த பிறகு அறைவெப்பத்துக்கு வரும்வரை டப்பாவைத் திறக்காமல் இருந்தால் இரண்டாவது வராது. வெங்காயச் சாம்பாரும் நெத்திலிச் சம்பாலும் இருக்கும் தட்டில் மட்டும் வைத்துவிடாதீர்கள். கொழுப்பு எல்லா மணத்தையும் இழுத்துக்கொள்ளும்.

ஊத்தான் மெலிந்தாங் மைந்தன்

ஆலைக்காரர் ஐயாவிடம் ஒரு மறுப்பு. புளிப்பு ஒரு குறை என்று நீங்கள் சொன்னது அக்காலத்துப் பெரிய ஆலைகளின் அளவுகோல். இப்போது கோலாலம்பூரிலேயே கொட்டையிலிருந்து தாங்களே சாக்லேட் செய்யும் சிறு தயாரிப்பாளர்கள் இருக்கிறார்கள். பகாங், சபா கொட்டைகளை விளைந்த இடத்தின் பெயரோடு விற்கிறார்கள். அவற்றைச் சுவைத்தால் பழப்புளிப்பு தெரிகிறது, வாங்குபவர்கள் அதற்காகவே கூடுதல் விலை தருகிறார்கள். மடகாஸ்கர் கொக்கோவும் புளிப்புக்குப் பெயர் போனதுதானே? அன்று எங்கள் கூலியைக் குறைக்கக் காரணமாகச் சொன்னதையே இன்று சிறப்பு என்கிறார்கள்.

கிள்ளான் ஆலைக்காரர்

உங்கள் ஆதங்கம் நியாயமானது தம்பி, ஆனால் இரண்டு புளிப்பும் ஒன்றல்ல. அசெட்டிக் அமிலம் ஆவியாகக் கூடியது. கொட்டையை வறுக்கும்போதும், பின்னர் நெடுநேரம் கடையும்போதும் அதில் பெரும்பகுதி வெளியேறிவிடும்; அந்த அறைக்குள் நுழைந்தால் காடி நெடி மூக்கைத் துளைக்கும். லாக்டிக் அமிலம் ஆவியாகாது. எவ்வளவு கடைந்தாலும் உள்ளேயே நின்று, சாக்லேட் கரைந்த பிறகும் நாக்கின் ஓரத்தில் உறுத்திக்கொண்டிருக்கும். அன்றைய தோட்டப் பெட்டிகளில் இரண்டுமே மிகுந்திருந்தன. இன்று நீங்கள் சொல்லும் சிறு தயாரிப்பாளர்கள் குறைந்த அளவு கொட்டையை, நாள்தோறும் வெப்பம் பார்த்துப் புளிக்கவைத்து, மெதுவாக உலர்த்துகிறார்கள். மிஞ்சுவது மெல்லிய பழப்புளிப்பு.

இதற்கான வழி அன்றே தெரிந்திருந்தது என்பதுதான் வருத்தம். அறுத்த காயை உடனே உடைக்காமல் சில நாள் அப்படியே வைத்திருந்தால் சதையில் நீரும் சர்க்கரையும் குறைந்து, புளிப்பு தானாகவே தணியும். 1980-களிலேயே இந்நாட்டு ஆய்வாளர்கள் அதை நிறுவிக் காட்டினார்கள். ஆனால் நல்ல கொட்டைக்குத் தனி விலை தர எவரும் முன்வராதபோது, காயைக் காக்கவைக்க எந்தத் தோட்டம் இடம் ஒதுக்கும்? தரம் உயர்ந்துகொண்டிருந்த அதே நேரத்தில் பூச்சியும் விலைச்சரிவும் சேர்ந்து வந்தன. அதனால்தான், செம்பனை மட்டும் காரணமா என்ற வாசகியின் கேள்விக்கு 'இல்லை' என்கிறேன். கொக்கோவுக்குப் பெயர் இருந்திருந்தால் அதைப் பிடுங்கிச் செம்பனை நட அவ்வளவு எளிதில் மனம் வந்திருக்காது.

ஜெலுத்தோங் ஆசிரியர்

2024-இல் கானாவிலும் ஐவரி கோஸ்ட்டிலும் விளைச்சல் சரிந்து, நியூயார்க் சந்தையில் விலை ஒரு டன்னுக்கு 12,000 டாலரைத் தாண்டியது. இப்போதாவது நாம் மீண்டும் பயிரிடலாம் அல்லவா?

ஊத்தான் மெலிந்தாங் மைந்தன்

விலையை நம்பி நடுவது ஆபத்து ஐயா. நட்ட மரம் காய்க்க மூன்றாண்டு ஆகும். அதற்குள் விலை எங்கே போகும் என்று யார் சொல்ல முடியும்? காய்துளைப்பானும் இன்னும் போய்விடவில்லை. வாரந்தோறும் பழுத்த காயை விடாமல் அறுத்து, உடைத்த காயின் தோலையும் உடனே புதைத்து, இளங்காய்க்கு நெகிழி உறை மாட்டினால் அதை அடக்கலாம். வீட்டுக்குப் பின்னால் ஓர் ஏக்கர் வைத்திருப்பவர் அதைச் செய்வார். கூலிக்கு ஆள் வைத்து ஆயிரம் ஏக்கரில் செய்ய முடியாது. ஆகவே பழைய தோட்டங்கள் திரும்ப வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. சிறு நிலக்காரர்களும், அவர்களிடம் நேரடியாக வாங்கும் தயாரிப்பாளர்களும் சேர்ந்தால் மட்டுமே நடக்கும்.

பாயான் லெப்பாஸ் வாசகி

சுவைத்துப் பார்த்து நானே வேறுபாட்டை உணர வேண்டும் என்றால் எப்படித் தொடங்குவது?

கிள்ளான் ஆலைக்காரர்

பால் சேர்க்காத, 70 விழுக்காட்டை ஒட்டிய இரண்டு சாக்லேட்டை வாங்குங்கள்: ஒன்று மலேசியக் கொட்டை, மற்றது கானாக் கொட்டை. மீன்குழம்பு சாப்பிட்ட வாயோடு வேண்டாம். பசியாறுவதற்கு முன் காலை வேளை நல்லது, அறையும் குளிர்ந்திருக்கும். முதலில் உடைத்து முகர்ந்து பாருங்கள். ஒரு துண்டை மெல்லாமல் நாக்கின்மேல் வைத்துக் கரைய விடுங்கள். மென்றால் கசப்பு முந்திக்கொண்டு மற்றவற்றை மறைத்துவிடும். புளிப்பு முதலில் எழுந்து, பழமணமாக மாறி அடங்குகிறதா, அல்லது எல்லாம் கரைந்த பிறகும் நாக்கின் ஓரத்தில் நின்று உறுத்துகிறதா என்று கவனியுங்கள். முன்னது நல்ல புளிக்கவைப்பு. பின்னது பழைய பெட்டியின் குணம்.

கொட்டையாகவே கிடைத்தால் இன்னும் எளிது. ஆலையில் முந்நூறு கொட்டையை நீளவாக்கில் வெட்டி எண்ணுவோம். வீட்டில் ஒரு கைப்பிடி போதும். வெட்டிய முகம் பழுப்பாக, நன்றாகப் பிளவுபட்டிருந்தால் சரியாகப் புளித்தது. ஊதா நிறம் அரைகுறை. கற்பலகைபோல் சாம்பல் நிறமாக இருந்தால் புளிக்கவே இல்லை. அதை என்ன செய்தாலும் சாக்லேட் ஆகாது.

பிரிக்பீல்ட்ஸ் இனிப்புக்காரி

என்னிடம் சபாக் கொட்டை சிறிது இருக்கிறது. செந்தூல் அன்பர் இங்கே அருகில்தானே இருக்கிறார். வருகிற ஞாயிற்றுக்கிழமை வந்தால் வெட்டிப் பார்த்துவிட்டு நிறத்தை இதே இழையில் எழுதுகிறோம். பினாங்கில் யாரிடமாவது பகாங் கொட்டை இருந்தால் அவர்களும் பார்த்து எழுதட்டும்.